காற்றை எதைக் கொண்டு அளப்பது: மாஸ்ட்டா, சோடாரா, லைடாரா?

காற்றாலைக்கு இடம் பார்த்தாயிற்று. காற்று வரைபடத்தில் அந்தப் பக்கம் நல்ல நிறத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "இங்கே காற்றுக்குப் பஞ்சமே இல்லை" என்கிறார்கள். இனி குறைந்தது ஓராண்டு அளக்க வேண்டும். அப்போது மேசைக்கு மூன்று விலைப்புள்ளிகள் வரும்: உயரமான அளவீட்டுக் கோபுரம், அதாவது மாஸ்ட், ஒலியால் அளக்கும் சோடார், ஒளியால் அளக்கும் லைடார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது ரொம்பத் துல்லியம்?" என்று கேட்பதுதான் வழக்கம்.

அந்தக் கேள்வியில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. மூன்றுமே பிழை செய்யும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காரணத்துக்காகச் செய்யும். உங்கள் இடத்தில் கணக்கைக் கவிழ்க்கக்கூடிய பெரிய சந்தேகம் எது என்று முதலில் பிடித்துவிட்டால், எந்தக் கருவி என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். அதைப் பிடிக்காமல் கருவி வாங்கினால், ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே இன்னும் துல்லியமாக அளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

சந்தேகத்துக்கு விலை உண்டு

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் கனத்தோடு, அதாவது மூன்றாம் அடுக்கோடு, ஏறும். வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் ஆற்றலில் ஏறத்தாழ 3 சதவீதம் பிசகும். டர்பைன் முழுத்திறனை எட்டிய பிறகு வேகம் கூடினாலும் மின்சாரம் கூடாது என்பதால், ஆண்டு உற்பத்தியில் அந்தப் பிசகு பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சதவீதமாகத் தணியும். அதுவே கடனையும் லாபத்தையும் அசைக்கப் போதும்.

கடன் கொடுப்பவர் சராசரிக் கணிப்பை மட்டும் பார்ப்பதில்லை. பத்தில் ஒன்பது வாய்ப்பில் உற்பத்தி இதற்குக் குறையாது என்று சொல்லும் பி90 எண்ணைத்தான் உற்றுப் பார்ப்பார். மொத்த நிச்சயமின்மை 10 சதவீதம் என்றால் பி90, சராசரிக் கணிப்பைவிட 12.8 சதவீதம் கீழே நிற்கும். நிச்சயமின்மையை 7 சதவீதமாகக் குறைத்தால் சுமார் 9 சதவீதம்தான் கீழே. அதே காற்று, அதே டர்பைன். நன்றாக அளந்ததால் மட்டும் கணக்கில் சேர்ந்தது அந்த 4 சதவீத மின்சாரம். கருவிக்குச் செலவழிக்கும் பணத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், கருவிகளின் விலையை ஒன்றோடொன்று மட்டும் அல்ல.

அடுத்தது உயரம். 60 மீட்டர் மாஸ்ட்டில் சராசரி வேகம் விநாடிக்கு 6.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டர்பைனின் ஹப், அதாவது இறக்கைகள் சேரும் நடுமையம், 140 மீட்டரில் இருக்கப்போகிறது. உயரம் கூடக் கூட வேகம் ஏறுவதை, அதாவது ஷியரை, ஓர் அடுக்கு எண்ணால் கணிப்பது வழக்கம். அந்த எண் 0.14 என்று கொண்டால் 140 மீட்டரில் வேகம் 7.3 வரும். 0.20 என்று கொண்டால் 7.7 வரும். இரண்டு எண்களுமே நிலப்பரப்பில் சாதாரணமாகக் காணக்கூடியவை. வேகத்தில் வித்தியாசம் 5 சதவீதம். கனத்துக்கு ஏற்றினால் ஆற்றலில் 16 சதவீதம். கீழே மாஸ்ட்டில் இருக்கும் அனிமாமீட்டர், அதாவது காற்றுவேகமானி, எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இந்த இடைவெளியை அது மூடாது. தரையிலிருந்தே மேலே அளக்கும் சோடார், லைடார் போன்ற தொலையுணர் கருவிகளுக்கு இந்தத் தொழிலில் இடம் கிடைத்ததே இந்த இடைவெளியால்தான். டர்பைன்கள் வளர்ந்துகொண்டே போயின. மாஸ்ட்டுகளால் கூடவே வளர முடியவில்லை.

மாஸ்ட்: பழசு, ஆனால் பொய் சொல்லாது

கிண்ண அனிமாமீட்டருக்கு வயது அதிகம். அயர்லாந்து வானியலாளர் ராபின்சன் 1846-இல் நான்கு கிண்ணத்தோடு செய்தார். கனடாவின் பேட்டர்சன் 1926-இல் அதை மூன்று கிண்ணமாக்கினார். இன்றும் மற்றக் கருவிகளையெல்லாம் உரசிப் பார்க்கும் உரைகல் அதுதான். காரணம் எளிது. கிண்ணம் ஒரே புள்ளியில் அளக்கிறது. காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளவுதிருத்தம் செய்யலாம். அதன் குறைகள் எல்லாம் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டுவிட்டன. மழை, மூடுபனி, தூசியே இல்லாத தெளிந்த வானம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. சிறிய சூரியத் தகடு ஒன்று போதும், ஆண்டு முழுவதும் ஓடும்.

குறைகளும் தெரிந்தவையே. கோபுரமே காற்றை மறைக்கும். அதனால் ஒரே உயரத்தில் இரண்டு அனிமாமீட்டர்களை வெவ்வேறு திசையில் நீண்ட கைகளில் பொருத்தி, நிழலில் விழுந்ததைக் கழிக்க வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் உறைபனி கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்னல் இறங்கும். பழுதென்றால் ஆள் ஏற வேண்டும். விமானப் பாதுகாப்பு அனுமதி, இழுகம்பிகளுக்கான நிலம், அஸ்திவாரம் எல்லாம் சேர்ந்து மாதங்களைத் தின்னும். உயரம் இரட்டிப்பானால் செலவு அதைவிட வேகமாக ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, நட்ட இடத்திலேயேதான் நிற்கும்.

அளவீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான மெஸ்நெட் சொல்லும் வழிமுறை இங்கே உதவும். ஹப் உயரத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலாவது அளக்க வேண்டும் என்கிறது அது. 140 மீட்டர் ஹப்புக்கு 93 மீட்டர். 60 மீட்டர் மாஸ்ட் அந்தக் கோட்டைத் தொடவே தொடாது. ஒரு மாஸ்ட் எவ்வளவு தூரத்துக்குப் பேசும் என்பதற்கும் அதில் அளவு உண்டு: எளிய நிலப்பரப்பில் சுமார் 10 கிலோமீட்டர், மேடுபள்ளமான நிலத்தில் சுமார் 2 கிலோமீட்டர்.

சோடார்: மலிவு, கொஞ்சம் கோபக்காரன்

1968-இல் ஆஸ்திரேலியாவில் மெக்காலிஸ்டர் தாழ் வளிமண்டலத்தை ஒலியால் துழாவி எதிரொலியைப் பதிவு செய்து காட்டினார். இன்றைய சோடார் அந்த வழியில் வந்ததுதான். தரையிலிருந்து சில கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்புகளை மேலே அனுப்பும். காற்றிலுள்ள சின்னச் சின்ன வெப்பநிலை வேறுபாடுகளில் பட்டு ஒலியின் மிகச் சிறிய பங்கு திரும்பி வரும். 200 மீட்டர் உயரத்திலிருந்து எதிரொலி வர ஏறத்தாழ 1.2 விநாடி ஆகும். வந்த ஒலியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். செங்குத்தாக ஒன்று, சாய்வாக இரண்டு என்று மூன்று திசைகளில் அனுப்பினால் காற்றின் மூன்று கூறுகளும் கிடைத்துவிடும்.

மின்சாரம் குறைவாகத்தான் குடிக்கும். காற்று வளத்துக்கென்றே செய்யப்பட்ட சில மாதிரிகள் பத்து வாட்டுக்கும் கீழே ஓடுகின்றன. வண்டியில் இழுத்துப்போய் வைத்துவிட்டு வரலாம். லைடாரைவிட மலிவு. இதெல்லாம் சோடாரின் பலம்.

பலவீனம் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. வெப்பநிலை வேறுபாடு இல்லாவிட்டால் எதிரொலி இல்லை. காற்று நன்றாகக் கலந்து, மேலும் கீழும் ஒரே பதமாக இருக்கும் நேரங்களில், குறிப்பாகப் பலத்த காற்று வீசும்போது, மேல் உயரங்களிலிருந்து எதுவும் வராமல் போகும். அதே பலத்த காற்று, கருவியைச் சுற்றி இரைச்சலையும் எழுப்பும். ஆக, எந்தக் காற்று நமக்கு மின்சாரம் தரப்போகிறதோ அந்தக் காற்றின்போதுதான் சோடார் திணறும்.

விற்பனைத் தாளில் "தரவு கிடைப்பு 85 சதவீதம்" என்று இருந்தால் மீதி 15 சதவீதம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். எல்லா நேரத்திலும் சமமாகப் போயிருந்தால் பரவாயில்லை. அப்படிப் போவதில்லை. 60 மீட்டரில் பகலும் இரவும் பதிவாகி, 140 மீட்டரில் பெரும்பாலும் இரவு மட்டும் பதிவானால், மேலே உள்ள சராசரி இரவின் சராசரி. இரவில் ஷியர் அதிகம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஷியர் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்; ஹப் உயர வேகமும் அழகாக உயர்ந்து நிற்கும். எல்லா உயரங்களிலும் ஒரே நேரத்தில் கிடைத்த தரவை மட்டும் எடுத்து ஷியர் கணக்கிடுவது இதற்கு ஓரளவு மருந்து. முழு மருந்தல்ல. தெளிந்த, தூசி குறைந்த காற்றில் லைடாருக்கும் இதே வியாதி வரும். ஆனால் சோடாரில்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

இன்னொன்று, நிலையான எதிரொலி. மரம், கட்டடம், பக்கத்தில் நிற்கும் மாஸ்ட் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியில் அதிர்வெண் நகர்வு கிடையாது. கருவி அதை "வேகம் பூஜ்யம்" என்று படிக்கும். சராசரி கீழே இழுபடும். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று சோடாரை மாஸ்ட்டின் காலடியிலேயே வைத்தால் ஒப்பீடு கெட்டுப்போகும். நல்ல வெட்டவெளி வேண்டும். அந்த வெட்டவெளியில் வீடுகளும் இருக்கக் கூடாது, ஏனென்றால் ஆண்டு முழுவதும் சில விநாடிக்கொரு தரம் கீச்சிடும் பெட்டியை யாரும் அக்கம்பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை.

லைடார்: இரண்டு சாதி

இன்று காற்று வளத்துக்குப் பயன்படும் லைடார்கள் பெரும்பாலும் 1.5 மைக்ரான் பக்கத்து அலைநீளத்தில் இயங்குகின்றன. ஒளியிழைத் தொலைத்தொடர்பும் அந்தப் பட்டையில்தான் ஓடுகிறது. அதனால் பாகங்கள் எளிதாகக் கிடைத்தன, கண்ணுக்கும் ஆபத்து குறைவு. காற்றோடு மிதந்து போகும் நுண்துகள்களில் பட்டு ஒளி திரும்புகிறது. துகள் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி வந்தால் ஒளியின் அதிர்வெண் 1.3 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஒளியின் அதிர்வெண்ணோ 193 டெராஹெர்ட்ஸ். கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாத அந்த நகர்வை, அனுப்பிய ஒளியோடு திரும்பி வந்ததைக் கலந்து பிரித்தெடுக்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான்.

தரையில் வைக்கும் லைடாரில் இரண்டு வகை. தொடர் ஒளி லைடார் ஒரு உயரத்தில் குவித்து, கூம்பு வடிவில் சுற்றி, ஏறத்தாழ ஒரு விநாடியில் ஒரு வட்டம் முடித்து, அடுத்த உயரத்துக்குப் போகும். துடிப்பு லைடார் நான்கு சாய்ந்த திசைகளிலும் ஒரு செங்குத்துத் திசையிலும் மாறி மாறித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை வைத்து எல்லா உயரங்களையும் சேர்த்தே படிக்கும். இசட்எக்ஸ் 300 முதல் வகை; விண்ட்கியூப் இரண்டாவது.

வித்தியாசம் எங்கே தெரியும்? தொடர் ஒளியில் குவியத்தின் தடிமன், அதாவது ஒரே அளவீட்டில் சேர்த்துப் படிக்கும் காற்றடுக்கின் தடிமன், தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 மீட்டரில் சுமார் 15 சென்டிமீட்டர். 100 மீட்டரில் 15 மீட்டர். 200 மீட்டரில் அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே தாழ்வான உயரங்களில் அது கூர்மை, மேலே போகப் போக மங்கல். துடிப்பு வகையில் தடிமன் எல்லா உயரத்திலும் கிட்டத்தட்ட ஒன்றே, சுமார் 20 மீட்டர்; ஆனால் 40 மீட்டருக்குக் கீழே அது வேலைக்கு ஆகாது. தாழ்மேகமும் மூடுபனியும் தொடர் ஒளிக்குத் தொல்லை: குவியத்துக்கு மேலே இருக்கும் மேகம் தன் பளிச்சென்ற எதிரொளியைக் கொண்டுவந்து கலந்துவிடும், அதைக் கழிக்கத் தனிக் கணக்கு வேண்டும். காற்று வருகிறதா போகிறதா என்பதும் தொடர் ஒளி வகைக்குத் தானாகத் தெரியாது. மேலே பொருத்திய சிறிய காற்றுமானியைப் பார்த்து முடிவு செய்யும். எப்போதாவது 180 டிகிரி திரும்பிக்கொள்ளும். தரவைத் திறந்தவுடன் திசை வரைபடத்தில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். துடிப்பு வகைக்கு இந்தக் குழப்பம் இல்லை.

சமவெளியில், நல்ல பராமரிப்பில், இரண்டில் எதை எடுத்தாலும் பத்து நிமிடச் சராசரி வேகத்தில் மாஸ்ட்டோடு நன்றாகவே ஒத்துப்போகும். இவ்விரண்டுக்குள் எது சிறந்தது என்று நெடுநேரம் வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி வரும் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

மலையில் என்ன நடக்கிறது

எல்லாத் தொலையுணர் கருவிகளும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே நம்பிவிடுகின்றன: நான் பார்க்கும் கூம்பு முழுவதும் காற்று ஒரே மாதிரி வீசுகிறது என்பதுதான் அது. 28 டிகிரி சாய்ந்த கதிர்கள் 100 மீட்டர் உயரத்தில் 106 மீட்டர் அகலமான வட்டத்தைத் தொடுகின்றன. சமவெளியில் அந்த வட்டத்துக்குள் காற்று ஒரே சீராகப் போகும். குன்றின் உச்சியில் அப்படி இல்லை. ஒரு பக்கம் காற்று மேலேறி வருகிறது, மறுபக்கம் கீழிறங்குகிறது. கருவியோ இந்த ஏற்ற இறக்கத்தையும் கிடைமட்ட வேகத்தின் பங்கு என்று நினைத்துக் கணக்கில் போட்டுக்கொள்ளும். குன்றின் உச்சியில் அதனால் வேகம் குறைவாகக் காட்டும். கரடுமுரடான இடங்களில் பிழை 5 முதல் 10 சதவீதம் வரை போகலாம். கிண்ண அனிமாமீட்டரின் பிழையெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

"அப்படியானால் கூம்பைக் குறுக்கிவிட்டால் சரியாகிவிடுமே?" என்று தோன்றும். ஆகாது. கூம்பு குறுகும்போது கதிர்கள் தொடும் இடங்கள் நெருங்கும், இறங்கும் காற்றுக்கும் ஏறும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். கிடைமட்ட வேகத்தின் பங்கும் ஒவ்வொரு கதிரிலும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் செங்குத்து வேகம் தூரத்தோடு சீராக மாறும் இடத்தில் கூம்பின் கோணம் விடையிலிருந்தே ஒழிந்துபோகிறது. மிச்சம் நிற்பது இரண்டுதான்: உயரமும், செங்குத்து வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும். ஆகவே இது கருவியைச் செதுக்கிச் சரிசெய்யக்கூடிய குறை இல்லை. நிலத்தின் வடிவத்தைக் கணினியில் ஏற்றி, காற்றோட்டத்தைக் கணக்கிட்டு, திசைக்குத் திசை திருத்தம் போட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது நன்றாக உதவும். ஆனால் அப்போது நீங்கள் அளந்த எண்ணில் ஒரு பகுதி, கணினி மாதிரி சொன்ன எண். அந்த மாதிரியின் நிச்சயமின்மையையும் சேர்த்தே சுமக்க வேண்டும். வங்கியின் ஆலோசகர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

அதனால் மேடுபள்ளத்தில் மாஸ்ட்டை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. மாஸ்ட் நிற்கட்டும், லைடார் அதன் அருகில் சில மாதம் இருக்கட்டும். இரண்டும் ஒரே உயரத்தில் அளந்த வேகங்களின் வித்தியாசத்தை மாதிரியின் திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே குன்றுத்தொடரின் வேறு முகடுகளுக்கு லைடாரை நகர்த்தலாம்.

கொந்தளிப்பு என்ற தனிக்கதை

சராசரி வேகம் பணக்கணக்குக்கு. காற்றின் கொந்தளிப்பு, டர்பைன் இருபது ஆண்டு தாங்குமா என்ற கணக்குக்கு. டர்பைன் வகுப்புகளைத் தீர்மானிக்கும், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61400-1 தரநிலையில் கொந்தளிப்புக்கு முக்கிய இடம் உண்டு. அந்த எண்கள் எல்லாம் கிண்ண அனிமாமீட்டர் உலகத்தில் பிறந்தவை. லைடார் வேறு ஒன்றை அளக்கிறது. பெரிய கன அளவில் சராசரி எடுப்பதால் சின்னச் சுழல்கள் கரைந்துபோய் கொந்தளிப்பு குறைவாகத் தெரியும். வெவ்வேறு கதிர்களை இணைக்கும்போது செங்குத்துச் சலனம் கிடைமட்டத்தில் கலந்து அதிகமாகவும் தெரியும். இரண்டில் எது வெல்லும் என்பது உயரத்தையும் வளிமண்டல நிலையையும் பொறுத்தது. சில நேரம் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாகவே வந்து நிற்கும். அந்தத் தற்செயலை நம்பிவிடக் கூடாது. டர்பைன் தேர்வு கொந்தளிப்பு எல்லைக்கோட்டில் நிற்கும் இடமென்றால் ஒரு மாஸ்ட்டாவது வேண்டும்.

கடலும் தொலைதூரமும்

கடலில் ஒப்பீடு வேறு மாதிரி. அங்கே மாஸ்ட் நட அடித்தளம், கப்பல், வானிலைக்குக் காத்திருப்பு என்று செலவு பல மடங்கு. ஜெர்மனி வட கடலில் 2003-இல் நிறுத்திய ஃபினோ 1 போன்ற ஆய்வு மேடைகள் பெரும் முதலீடுகள். ஒவ்வொரு திட்டத்துக்கும் அப்படி ஒன்றைக் கட்ட முடியாது. அதனால் மிதவை மேல் லைடார் இங்கே மாஸ்ட்டின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு 2013-இல் வெளியிட்டு, 2018-இல் புதுப்பித்த வழிகாட்டி இதற்கு ஏணி போட்டது. மிதவை ஆடுவது பத்து நிமிடச் சராசரி வேகத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கொந்தளிப்பைக் கெடுக்கும். கடலில் நிலத்தின் மேடுபள்ளம் இல்லை என்பதால் லைடாரின் மிகப்பெரிய பிழையும் இல்லை. அந்த வகையில் லைடாருக்கு ஏற்ற வீடு கடல்தான்.

கரையோரத்துக்கு அருகிலான கடல் திட்டமென்றால் கரையிலேயே நின்று கதிரைத் திருப்பித் திருப்பிப் பல கிலோமீட்டர் தூரம் பார்க்கும் அலகிடு லைடார்கள் உண்டு. ஒன்றுக்கு இரண்டாக வைத்து ஒரே புள்ளியை இரு பக்கமிருந்து பார்த்தால் நல்ல விடை தரும். கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 5 கிலோமீட்டரில் கதிர் 9 மீட்டர் நகர்ந்துவிடும். நிறுவுகிறவர் கைத்தேர்ச்சிக்கே பாதி மதிப்பெண். டர்பைன் தலையில் வைக்கும் லைடார் வேறு வேலைக்கானது. நின்றுகொண்டிருக்கும் டர்பைனின் திறனைச் சோதிக்க உதவும், இடத் தேர்வுக்கு அல்ல. செயற்கைக்கோள் ரேடார் படங்கள் கடல் மேற்பரப்புக்கு 10 மீட்டர் மேலான காற்றைச் சொல்லும். வரைபடத்துக்கு அருமை, ஹப் உயரத்துக்குப் போதாது.

மின்சாரம், தண்ணீர், கதவுப் பூட்டு

ஒப்பீட்டு அட்டவணைகளில் கடைசி வரியாக வரும் இந்த விஷயம்தான் பல அளவீடுகளைக் கொன்றிருக்கிறது. லைடார் சில பத்து வாட் கேட்கும். 50 வாட் என்றால் நாளுக்கு 1.2 யூனிட். சொற்பம்தான், ஆனால் மின்கம்பி எட்டாத இடத்தில், மேகம் மூடிய வாரத்தில், அதைத் தருவதற்குச் சூரியத் தகடும் பேட்டரியும் கணிசமாக வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் டீசல் மின்னாக்கியோ மெத்தனாலில் ஓடும் எரிபொருள் மின்கலனோ கூடச் சேரும். பேட்டரி தீர்வது பெரும்பாலும் சூரியன் இல்லாத, புயல் அடிக்கும் வாரத்தில். மறுபடியும் அதே கதை: பலத்த காற்று பதிவாகாமல் போகும்.

லைடாரின் கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பானுக்கு நீர் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியின் கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது, பத்து நிமிடத்தின் நேரமுத்திரை தொடக்கத்திலா முடிவிலா என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். வேலி, பூட்டு, காப்பீடும் வேண்டும். மாஸ்ட்டைத் திருடுவது கஷ்டம். லைடாரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வங்கி எதை ஏற்கும்

2005-இல் வந்த ஐஇசி 61400-12-1 பதிப்பு, டர்பைன் திறன் சோதனைக்கு மாஸ்ட்டை மட்டுமே ஏற்றது. 2017 பதிப்பில் சமவெளியில் தரை லைடாருக்கும் சோடாருக்கும் இடம் கிடைத்தது. கூடவே சிறிய மாஸ்ட் ஒன்று காவலுக்கு வேண்டும் என்றது. 2022-இல் கருவிகளுக்கென்றே தனி ஆவணங்கள் பிரிந்தன: மாஸ்ட்டுக்கு 61400-50-1, தரைத் தொலையுணர்வுக்கு 50-2, டர்பைன் தலை லைடாருக்கு 50-3. இவை நேரடியாக வள மதிப்பீட்டுக்காக எழுதப்பட்டவை அல்ல என்றாலும், கருவியின் நிச்சயமின்மையை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு எல்லோரும் இவற்றையே கையில் எடுக்கிறார்கள். வள மதிப்பீட்டுக்குச் சர்வதேச எரிசக்தி முகமையின் காற்றாற்றல் பிரிவு 2013-இல் தந்த பரிந்துரை நடைமுறை உண்டு.

நடைமுறையில் ஆலோசகர் கேட்பது இதுதான்: இந்தக் குறிப்பிட்ட கருவி, இதே வரிசை எண், உயரமான மாஸ்ட் ஒன்றின் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கப்பட்டதா? டென்மார்க்கின் ஹோவ்சோர போன்ற சோதனைத் தளங்கள் இதற்காகவே பெயர் பெற்றவை. கார்பன் டிரஸ்ட் வழிகாட்டி மிதவை லைடாருக்கு வைத்த அளவுகோல் ஒரு நல்ல உணர்வைத் தரும்: மாஸ்ட்டோடு ஒப்பிட்ட கோட்டின் சரிவு 0.98-க்கும் 1.02-க்கும் இடையில், புள்ளிகள் அந்தக் கோட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று சொல்லும் ஒத்திசைவு எண் 0.98-க்கு மேல் இருந்தால் சிறப்பு. அதே மாதிரியைச் சேர்ந்த வேறொரு பெட்டியின் சான்றிதழைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, எதை வாங்குவது

சமவெளி, ஹப் 140 மீட்டர், திட்டம் பெரிது, கடன் வேண்டும் என்றால்: சரிபார்த்த லைடார் ஒன்றும், 80 அல்லது 100 மீட்டர் மாஸ்ட் ஒன்றும். மாஸ்ட் ஆண்டு முழுவதும் நின்று காலத்தைப் பிடிக்கும். லைடார் உயரத்தைப் பிடிக்கும். 140 மீட்டர் மாஸ்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பாலும் இந்த இரண்டும் வந்துவிடும், இறக்கையின் மேல்நுனி வரை தெரிந்தும்விடும். லைடார் ஒரே இடத்தில் 12 மாதம் இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கொரு இடமாகச் சுற்றினால் திட்டப் பரப்பு முழுதும் தெரியும், ஆனால் ஷியர் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் ஒரு பருவத்தின் ஷியரை ஆண்டுக்கே ஏற்றிவிடும் அபாயம் உண்டு. பரப்பு பெரிதா, உயரம் பெரிதா, எது உங்கள் சந்தேகம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னும் நிலமே உறுதியாகவில்லை, நான்கைந்து இடங்களில் எதைத் தொடரலாம் என்றுதான் பார்க்கிறீர்கள் என்றால் சோடார் போதும். அங்கே 2 சதவீதத் துல்லியத்துக்குப் பணம் கட்டுவது வீண். 6-ஆ 7-ஆ என்று தெரிந்தாலே இரண்டு இடங்கள் கழிந்துவிடும். ஆனால் அந்தச் சோடார்த் தரவையே பிறகு கடனுக்கு நீட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

மேடுபள்ளம் என்றால் முதலில் மாஸ்ட். சிறிய திட்டம், இரண்டு டர்பைன், பணம் குறைவு என்றால் ஆறு மாதம் லைடாரை வாடகைக்கு எடுத்து, நீண்டகாலத் தரவோடு இணைத்துக் கணக்கிட்டு, நிச்சயமின்மை அதிகம் என்பதை ஒப்புக்கொண்டு முன்னே போகலாம். கடல் என்றால் மிதவை லைடார். முடிந்தால் இரண்டு, ஏனென்றால் ஒன்று நின்றுவிட்டால் வானிலை அனுமதிக்கும் வரை யாரும் அருகில் போக முடியாது.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள். வடிகட்டிய பத்து நிமிடச் சராசரியோடு வடிகட்டாத மூலத் தரவும், வடிகட்டிய விதிகளும் கையில் வர வேண்டும். அளவீடு முடிந்த பிறகு, கருவி அடுத்த வாடகைக்குப் போவதற்கு முன், தொடங்கும்போது சரிபார்த்த அதே மாஸ்ட்டின் பக்கத்தில் மறுபடியும் சில வாரம் நிற்க வேண்டும். இரண்டு சரிபார்ப்புகளின் சரிவும் ஒத்துப்போகவில்லை என்றால், இடையில் எந்த மாதம் கருவி தடம் மாறியது என்று தேட அந்த மூலத் தரவுதான் உதவும்.